அந்த அக்கா என்ன ஆனாங்க?

பாம்புக்கடின்னு யாராவது வந்தா நாங்க மொதல்ல தேடுறது ஒரு கண்ணாடி டெஸ்ட் டியூப். பிளாஸ்டிக் ஆகாது, கண்ணாடி பட்டாத்தான் ரத்தம் ஒழுங்கா உறையும், அதுவும் சோப்பு போட்டு கழுவாத, நல்லா காஞ்ச புது டியூபா இருக்கணும். ரெண்டு மில்லி ரத்தத்த அதுல விட்டு ஸ்டாண்டுல நிமித்தி வெச்சிட்டு 20 நிமிஷம் யாரும் தொடக்கூடாது. அப்புறம் மெதுவா சாய்ச்சுப் பாக்கணும், கட்டியா நின்னா கொஞ்சம் மூச்சு விடலாம், தண்ணி மாதிரி ஓடுச்சுன்னா விரியன் விஷம் ரத்தத்துல வேலைய ஆரம்பிச்சாச்சு.

நான் விழுப்புரம் மாவட்டத்துல ஒரு தாலுகா ஜிஎச்ல டூட்டி பாக்குறேன். எங்களுக்குக் கீழ பிஎச்சிங்க (ஆரம்ப சுகாதார நிலையம்), மேல மெடிக்கல் காலேஜ், நடுவுல நாங்க. ஜனங்களுக்கு இது எல்லாமே கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, ஒண்ணுதான். ஆனா பிஎச்சி பொது சுகாதாரத் துறைல வரும், நாங்க ஊரக நலப் பணிகள்ல வருவோம், காலேஜ் மருத்துவக் கல்வி இயக்ககத்துல வரும், பிஎச்சிக்கு மேலதிகாரி மாவட்ட சுகாதார அலுவலர், எங்களுக்கு இணை இயக்குநர், காலேஜுக்கு டீன். மூணு வீடு, நடுவுல சுவர். இதை ஏன் சொல்றேன்னு பின்னாடி புரியும்.

போன ஐப்பசில ஒரு ராத்திரி ஏழரை மணி இருக்கும், பிஎச்சில இருந்து போன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் கூட ஆகாத தம்பி. "மேடம், மல்லாட்டக் (வேர்க்கடலை) கொடி அள்ளும்போது கடிச்சிருக்கு, கண்ணாடி விரியன்னு சொல்றாங்க, டியூப் பாத்தேன் கட்டல, விஷமுறிவு மருந்து 10 வையல் (குப்பி) ஆரம்பிச்சு 108ல அனுப்புறேன்." அந்தத் தம்பிய இப்ப நெனச்சாலும் கையெடுத்துக் கும்பிடணும் போல இருக்கு. பயந்துகிட்டு வெறும் சீட்டு எழுதி அனுப்பிவிட்டிருந்தா வழியிலயே முக்கா மணி நேரம் போயிருக்கும்.

வந்த அக்காவுக்கு நாப்பது வயசு சொச்சம். வீட்டுக்காரர் துண்டால காலை இறுக்கிக் கட்டியிருந்தாரு (தயவுசெஞ்சு யாரும் கட்டாதீங்க, காலை அசைக்காம கொண்டு வந்தாலே போதும்). பல் ஈறுல ரத்தக் கசிவு. மருந்து ஏறிட்டு இருக்கும்போதே உடம்பெல்லாம் தடிச்சு பிரஷர் இறங்கிடுச்சு, டிரிப்ஸ நிறுத்தி தொடையில அட்ரினலின் போட்டு, பிரஷர் ஏறினதும் மறுபடி மெதுவா ஆரம்பிச்சோம். ஆறு மணி நேரம் கழிச்சு திரும்ப டியூப் வெச்சா அப்பவும் கட்டல. இன்னொரு 10 வையல். பவுடரா இருக்குற மருந்துல தண்ணி விட்டு குலுக்கக்கூடாது, நுரைச்சிடும், ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு உருட்டி உருட்டித்தான் கரைக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு சிஸ்டரும் நானும் எதிரும் புதிருமா நின்னு ஒண்ணு ஒண்ணா உருட்டினோம். இந்த மருந்துக்கு வேணும்கிற விஷத்த மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலில 1978ல ஆரம்பிச்ச இருளர் கூட்டுறவு சங்கத்துல பாம்பு புடிச்சு எடுத்துக் குடுக்குறாங்க. அந்த நேரத்துல பிரிட்ஜ திறந்தா வையல் இருக்குன்னா டிஎன்எம்எஸ்சி (அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் குடுக்குற அரசு நிறுவனம்) கிடங்குல இருந்து ஒழுங்கா வருதுன்னு அர்த்தம். இது சாதாரண விஷயம் இல்ல, சாயங்காலம் கழனில இருந்த அக்காவுக்கு ஒரு பைசா செலவில்லாம அது உடம்புல ஏறுது.

காலைல ரத்தம் கட்டிடுச்சு. ஆனா யூரின் பையில பால் ஊத்தாத டீ கலர்ல கொஞ்சூண்டு தான் இருந்துச்சு. கிட்னி சரியா வேலை செய்யலன்னா ரத்தத்துல ஏறுற கிரியாட்டினின் ஏறிட்டே போச்சு. கண்ணாடி விரியன் கிட்னிய விட்டுவைக்காது. டயாலிசிஸ் தேவைப்படும், கிட்னி டாக்டர் பாக்கணும்னு காலேஜ் டூட்டி பிஜிக்கு (மேல்படிப்பு படிக்கிற டாக்டர்) போன் பண்ணி எத்தன வையல், எத்தன மணிக்கு, ரியாக்‌ஷன் எப்படி, எல்லாம் சொல்லி, சீட்டுலயும் எழுதி 108ல ஏத்தினோம். வீட்டுக்காரர் வண்டில ஏறும்போது "டாக்டரம்மா, நீங்களும் அங்க வந்து பாப்பீங்களா"ன்னு கேட்டாரு. அங்க எல்லாரும் நல்லா பாத்துக்குவாங்க அண்ணான்னு சொன்னேன். பொய் இல்ல, நல்லாத்தான் பாத்தாங்க.

ஆனா அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. நாலாம் நாள் அந்த பிஜிக்கு போன் பண்ணா அவரு வேற யூனிட்டுக்கு மாறிட்டாரு. எங்க ரெஃபரல் ரிஜிஸ்டர்ல "அனுப்பப்பட்டது"ன்னு ஒரு காலம் இருக்கு, "என்ன ஆச்சு"ன்னு ஒரு காலம் இல்ல. மேல ஏத்துற வழிய 108, போன், சீட்டுன்னு எவ்வளவோ நல்லா போட்டுட்டோம், கீழ திரும்பி வர்ற வழிய யாருமே போடல. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, அங்க ஒரு பிஜி தலைல ஒரு வார்டே இருக்கும், டிஸ்சார்ஜ் ஆன ஆளப் பத்தி எந்த பிஎச்சிக்கு, யாருக்கு எழுதுறது?

ஒன்றரை மாசம் கழிச்சு தற்செயலா அந்த ஊரு விஎச்என் (கிராம சுகாதார செவிலியர்) சிஸ்டர் வேற வேலையா வந்தாங்க, கேட்டேன். "இருக்காங்க மேடம், அஞ்சாறு டயாலிசிஸ் பண்ணி அனுப்பிட்டாங்க, ஆனா ரொம்ப சோர்ந்து கெடக்குறாங்க"ன்னாங்க. மறுநாளே கூட்டிட்டு வரச் சொன்னேன். கையில பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள டிஸ்சார்ஜ் சம்மரி, அதுல வாராவாரம் கிரியாட்டினின் பாக்கணும்னு தெளிவா எழுதியிருக்கு. இங்கிலீஷ்ல. பஸ் மாறி மாறி காலேஜ் வரைக்கும் போக முடியலன்னு அக்கா ஒரு தடவை கூட பாக்கல. அந்த டெஸ்ட் அவங்க ஊருல இருந்து எட்டு கிலோமீட்டர்ல எங்க லேப்ல ஃப்ரீயா பண்றோம். அவங்ககிட்ட அதை யாரும் சொல்லல, எங்ககிட்டயும் அவங்க வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு யாரும் சொல்லல.

அன்னிக்கு எனக்கு வந்த கோவமும் அழுகையும் இன்னும் ஆறல. கண்ணாடி விரியன் கடிச்சவங்களுக்கு சில பேருக்கு மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பி கூட பாதிக்கும், மாசக்கணக்கு கழிச்சு சோர்வு, மாதவிடாய் நின்னு போறதுன்னு மெதுவா தெரியும், அதனால இவங்கள கண்ணுல படுற தூரத்துலயே வெச்சிருக்கணும். 2024 நவம்பர்ல பாம்புக்கடிய கட்டாயம் தெரிவிக்கணும்னு தமிழ்நாடு அரசு அறிவிச்சது ரொம்ப நல்ல விஷயம், அதே மாதிரி டிஸ்சார்ஜ் ஆகுற அன்னிக்கே அவங்க ஊரு பிஎச்சிக்கும் அனுப்புன ஆஸ்பத்திரிக்கும் ஒரு தகவல் வரணும், தமிழ்ல ரெண்டு வரி சம்மரில இருக்கணும், இவ்வளவுதான் நான் கேக்குறது.

அது வர்ற வரைக்கும் கேஷுவாலிட்டி மேசைல ஒரு நோட்டு போட்டிருக்கேன். மேல அனுப்புற ஒவ்வொருத்தர் வீட்டு போன் நம்பரும் அதுல இருக்கு, ஏழாம் நாள் சிஸ்டரோ நானோ கூப்பிடுறோம். சில நம்பர் எடுக்க மாட்டாங்க. சில வீட்டுல போன எடுத்ததுமே அழுவாங்க.

அக்கா இப்ப மாசம் ஒரு தடவை வர்றாங்க. போன தடவை கிரியாட்டினின் 1.3க்கு இறங்கியிருந்துச்சு. மடியில ஒரு படி மல்லாட்ட கட்டிட்டு வந்திருந்தாங்க, டூட்டி ரூம்ல எல்லாருமா உக்காந்து உரிச்சு சாப்பிட்டோம்.