ஆறு வாரப் பட்டினியும் என் அவசரமும்

வீட்டுக்கு வந்தபோது என் பாம்புக்குட்டியின் எடை 112 கிராம். சுருண்டு படுத்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பால் பைத்தான் (ball python) வகை, மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் வாழும் சின்ன மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும், ஆங்கிலத்தில் 'பந்து' என்ற பெயரும் அதனால் வந்ததுதான். முதல் நாளே கையில் எடுத்து, வீட்டில் எல்லோருக்கும் காட்டி, போட்டோ எடுத்து அமர்க்களம் செய்தேன். பந்து பிரியவே இல்லை. ரொம்ப சாது என்று நினைத்துக்கொண்டேன். அது சாதுத்தனம் இல்லை, பயம் என்று பின்னால்தான் புரிந்தது.

பேப்பர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பைத்தான் இனங்கள் சைட்டிஸ் (CITES) என்ற, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. வளர்ப்பில் பிறந்த குட்டிதானா, அதை வைத்திருக்க உங்கள் நாட்டுச் சட்டம் விடுகிறதா, இரண்டையும் பார்க்காமல் இதில் இறங்காதீர்கள். காட்டில் பிடித்த பாம்பு என்றால் பேச்சே வேண்டாம்.

இரண்டாம் நாள் சுண்டெலி கொடுத்தேன். தொடவில்லை. நான்காம் நாள் மறுபடியும். மூக்குக்கு நேரே இரையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன், பின்வாங்கிக்கொண்டது. ஏழாம் நாள் சீறியது. மூன்று வாரம் இப்படியே போனது. தராசில் 112 என்பது 106 ஆனது. எனக்குத் தூக்கம் போயிற்று.

பாம்பு வளர்த்துப் பழகிய நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சூடான பக்கத்தில் தரை எத்தனை டிகிரி?" கண்ணாடிச் சுவரில் ஒட்டிய வட்ட மானியைப் பார்த்து 32 என்றேன். "அது சுவரின் சூடு. பாம்பு சுவரிலா படுக்கிறது?" என்றார். டிஜிட்டல் மானியின் முனையைத் தரையில் வைத்துப் பார்த்தால் 27. ஒரு மூலையில் 31, 32 டிகிரியும் எதிர் மூலையில் 25, 26 டிகிரியும் இருக்க வேண்டும். உடம்பில் சூடு ஏறினால்தான் அதற்குச் செரிமானம் நடக்கும். அன்றே சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் வாங்கினேன். அது இல்லாத சூட்டு விரிப்பு பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த கேள்வி ஒளிவிடம் பற்றியது. அகலமான ஒரு மரக்குகை வைத்திருந்தேன், அழகுக்காக. உடம்பு நாலு பக்கமும் உரசுகிற மாதிரி இறுக்கமாக இருந்தால்தான் அதற்குப் பத்திரமாகத் தோன்றும், சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று இரண்டு வேண்டும் என்றார். தொட்டியின் மூன்று பக்கத்தையும் அட்டையால் மூடச் சொன்னார். "அப்புறம் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதே. தண்ணீர் மட்டும் மாற்று."

அந்த ஒரு வாரம்தான் இதில் எனக்கு மிகக் கடினமான வேலை.

எட்டாம் நாள் இரவு இரை தயார் செய்தேன். உறையவைத்த சுண்டெலிதான்; உயிரோடு விட்டால் எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். இரையின் பருமன் பாம்பின் உடம்பில் தடித்த இடத்தைத் தாண்டக்கூடாது. எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ போதும். முந்தின இரவே உறையிலிட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டேன். கொடுக்கும் முன் வெந்நீரில், கொதிநீரில் அல்ல, உறையோடு அமிழ்த்திச் சூடாக்கினேன். மைக்ரோவேவில் வைத்தால் பாதி வெந்துவிடும். பாம்பின் உதட்டோரம் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும், அவற்றால்தான் அது வெப்பத்தை உணர்கிறது. ஆறிப்போன எலி அதற்கு இரையாகவே தோன்றாது. தலைப்பக்கம் 38 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் நீண்ட இடுக்கியால் பிடித்துக் குகை வாசலுக்குப் பக்கத்தில் அசையாமல் நீட்டினேன்.

நாக்கு வெளியே வந்தது. மெதுவாக, இரண்டு முறை. கழுத்து பின்னுக்குப் போய் வளைந்தது. அப்புறம் நடந்ததைக் கண் பார்க்கவில்லை. இடுக்கியில் ஒரு வெட்டு மட்டும் கைக்குத் தெரிந்தது. பார்த்தால் எலியைச் சுற்றி மூன்று வளையம். செத்த எலியைப் பத்து நிமிடம் நெரித்துக்கொண்டிருந்தது. பிறகு தளர்ந்து, மூக்கால் தடவித் தடவித் தலை எங்கே என்று தேடி, தாடையை இடமும் வலமுமாக நகர்த்தி நகர்த்தி விழுங்கியது. கடைசியில் பெரிய கொட்டாவி. நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

இங்கேதான் மறுபடியும் கெடுத்தேன். மறுநாள் மாலை சந்தோஷத்தில் வெளியே எடுத்துவிட்டேன். இரவு எலியைக் கக்கிவிட்டது. அந்த நாற்றத்தை விவரிக்கப் போவதில்லை. சாப்பிட்டபின் குறைந்தது 48 மணி நேரம் தொடக்கூடாது. கக்கிவிட்டால் வயிறு ஆற இரண்டு வாரம் விட்டு, அதுவும் சிறிய இரைதான். ஆக, இரை வயிற்றில் தங்குவதற்குள் மொத்தம் ஆறு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது. எடை 103.

கடியும் வாங்கினேன். ஈர எலியைக் கையால் துடைத்துவிட்டு, கழுவாமல் தண்ணீர்க் கிண்ணத்தைச் சரிசெய்யக் கையை விட்டேன். கையில் எலி வாசனை, எலியின் சூடு, அதன்மேல் தப்பில்லை. விரலைக் கவ்விச் சுற்றிக்கொண்டது. இழுக்கத்தான் தோன்றும், இழுக்கக்கூடாது: பற்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் தோல் கிழியும், பாம்பின் பல்லும் உடையும். குளிர்ந்த தண்ணீரில் காட்டினேன், கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. விஷம் கிடையாது, ஊசி குத்திய மாதிரி வரிசையாகப் புள்ளிகள். சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம். கையை விடுமுன் ஒரு காகிதக் குழலால் அதன் முதுகை லேசாகத் தொடுவேன். இது இரை இல்லை, கை என்று அதற்குச் செய்தி. தனிப்பெட்டிக்கு மாற்றி இரை கொடுத்தால் கூண்டில் கடிக்காது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விழுங்கிய பாம்பைத் தூக்கி இடம் மாற்றுவதுதான் கடி வாங்குவதற்கும் அது கக்குவதற்கும் நேர்வழி.

தூக்குவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேலிருந்து கை வந்தால் கழுகு என்று பதறும், அதனால் பக்கவாட்டிலிருந்து, நடு உடம்பைத் தாங்கி, இரண்டு கையாலும். தலையைப் பிடிப்பதில்லை. தரையில் உட்கார்ந்துகொள்வேன், நழுவினாலும் அடிபடாது. முதலில் ஐந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு தடவை. கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். கண் பால்போல வெளுத்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, சரியாகப் பார்வை தெரியாது, அப்போது தொடுவதே இல்லை. எடுப்பதற்கு முன்னும் பின்னும் கை கழுவுவேன். பாம்பின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. அதன் கிண்ணம் சமையலறைத் தொட்டிக்கும் வராது.

இப்போது 340 கிராம். போன வாரம் இரையை நீட்டினேன். நாக்கை நீட்டி முகர்ந்துவிட்டுக் குகைக்குள் தலையை இழுத்துக்கொண்டது. கண்ணைப் பார்த்தேன், வெளுக்கத் தொடங்கியிருந்தது. எலியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன், உருகியதை மறுபடி உறையவைக்க முடியாதே. மூடியைச் சாத்திப் பூட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.