அக்காவுக்கு வந்தது தம்பிக்கும்

மகளுக்குச் சீலியாக், அதாவது கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பழுதாகி, சாப்பிட்ட சத்து உடலில் சேராமல் போகும் நோய் என்று உறுதியான அன்றே டெல்லி டாக்டர் கேட்டார்: "வீட்டில் மற்றவர்களுக்கும் ரத்தம் பார்த்தாச்சா?" எதற்கு என்று எரிச்சலாக வந்தது. சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புவது அவளுக்குத்தானே? சின்னவன் ஓடியாடுகிற பையன்.

அப்புறம்தான் வாசித்தேன். பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருவது, நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளிடம் 7.5 சதவீதமாம். 2015இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு. உடன்பிறந்தவர்களுக்கு மட்டும் 8.9, பெற்றோருக்கு 3. டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகைகள் குடும்பத்தில் ஓடுகின்றன. இருந்தாலும் அவை உள்ள பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை.

சரி, மூவரும் டிடிஜி சோதனைக்குக் கை நீட்டினோம்; இந்த நோயில் ரத்தத்தில் கூடும் எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் சோதனை அது. கோதுமையை நிறுத்திவிட்டுப் போனால் சோதனை ஏமாற்றிவிடும், அதனால் அதுவரை பரோட்டாவுக்குத் தடையில்லை. எனக்கும் அவருக்கும் ஒன்றுமில்லை. சின்னவனுக்கு அளவு எகிறியிருந்தது. எண்டோஸ்கோப்பியும் அதையே சொன்னது. இரண்டு வருடமாக ஏறாத அவன் ஹீமோகுளோபினுக்கு, "கீரையை ஒதுக்கினால் இப்படித்தான்" என்று நான் திட்டாத நாளில்லை.

அரிசிச் சாப்பாட்டுக்காரர்கள், சமாளித்துவிடலாம் என்றிருந்தேன். கூட்டுப்பெருங்காய டப்பாவைத் திருப்பினால், பொடி எழுத்தில் மைதா. தினமும் ரசத்தில் நானே போட்டது.