ரிக்கை முடிவு செய்தது பிரேக் பெடல்தான்

கம்ப்யூட்டரில் ரேஸ் ஓட்ட வீல், பெடல், சீட் மூன்றையும் தாங்கும் சட்டம்தான் ரிக். அது வருவதற்கு முன், மூன்று வருடம் லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங் வீலைப் படிக்கிற மேசையில் மாட்டித்தான் ஓட்டினேன். அதன் மோட்டார் கையை எதிர்த்துத் திருப்பும் முறுக்கு விசை 2 நியூட்டன் மீட்டர் சொச்சம். மேசை தாங்கியது. சிக்கல் கீழே இருந்தது. பிரேக்கை மிதித்தால் டைல்ஸில் பெடல் வழுக்கும். சுவரோடு முட்டுக் கொடுத்து வைத்தால், சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் ஓடும்.

போன வருடம் 5 நியூட்டன் மீட்டர் டைரக்ட் டிரைவ் வீலும் (மோட்டாரிலேயே நேராகப் பொருந்துவது) லோட் செல் பிரேக்கும் வாங்கி, மடக்கி வைக்கிற ஸ்டேண்ட் ஒன்றில் மாட்டினேன். வீலை அது சமாளித்தது. பிரேக்கை முடியவில்லை.

சாதாரண பெடல் எவ்வளவு தூரம் அழுந்தியது என்று அளக்கும். லோட் செல் எவ்வளவு பலமாக மிதித்தோம் என்று அளக்கும். முழு பிரேக்குக்கு நான் வைத்திருந்தது 40 கிலோ. அவ்வளவு மிதித்தால் ஸ்டேண்டின் பெடல் தட்டு முன்னால் வளையும், நாற்காலி முதுகு பின்னால் சாயும். சென்சார் சரியாகத்தான் படிக்கும். ஆனால் பெடல் அசைந்ததா, தட்டு அசைந்ததா என்று காலுக்குத் தெரியாது. இத்தாலியின் மோன்ஸா டிராக்கில் முதல் சிக்கேனுக்கு (அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் வளைவு) முழு வேகத்தில் வந்து ஒரே மிதி மிதித்து, வளைவில் திரும்பிக்கொண்டே காலை மெல்ல விட வேண்டும். அப்படி விடும்போது வளைந்த தட்டு நிமிர்ந்து காலைத் தள்ளும், முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பத்து சுற்றில் இரண்டு கூட ஒரே மாதிரி வராது.

அதனால் ரிக் தேடியபோது ஒரே கேள்விதான் கேட்டேன்: மிதித்தால் அசையுமா? மடக்குகிற துணி சீட் வகையை நண்பர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இடம் அடைக்காது, சுகமாக இருக்கும். அழுத்தி மிதித்தால் துணி இழுபட்டுக் கொடுக்கும். நான் பார்த்த இரும்புக் குழாய் ரிக் உறுதிதான், ஆனால் வெல்டு செய்த அளவிலேயே உட்கார வேண்டும். எனக்கு உயரம் 182 செ.மீ., அக்கா மகனுக்கு 10 வயது. அது சரிவராது.

கடைசியில் அலுமினிய ப்ரொஃபைல், அதாவது நெடுக ஸ்லாட் (பள்ளம்) உள்ள சட்டம். இது கோவையில் எனக்குப் புதிய பொருள் இல்லை. நான் வேலை செய்யும் இடத்தில் மெஷினைச் சுற்றிய தடுப்பு, கன்வேயர் கால் எல்லாமே இதுதான். வெட்டிக் கொடுத்த அண்ணன் "மெஷின் ஸ்டேண்டுங்களா?" என்று கேட்டார். ரேஸ் ஓட்ட என்று சொன்னதும் அளவுத் தாளை வாங்கி மறுபடி பார்த்து, "முனை துல்லியமா 90 டிகிரி வேணும், இல்லைனா மொத்தமும் கோணிக்கும்" என்று ஒவ்வொன்றையும் மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்துத்தான் கொடுத்தார். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் காரைக் கட்டிய கரிவரதனின் ஊர் இது. செட்டிபாளையம் டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. அப்பா என்னை முதலில் ரேஸ் பார்க்கக் கூட்டிப்போனது அங்கேதான்.

அடிச்சட்டம் 80x40, நீளம் 1350 மி.மீ. பெடல் தட்டுக்கும் வீல் நிற்கும் தூணுக்கும் அதைவிடத் தடித்த சட்டம். ஃபார்முலா மாதிரி கால் தூக்கிப் படுக்கும் அமைப்பு எனக்கு ஆசைதான், ஆனால் அரை மணி நேரத்தில் கழுத்து வலித்தது. சாதாரண கார் மாதிரி நிமிர்ந்து உட்காரும் ஜிடி முறையையே எடுத்தேன்.

சீட்டில் ஒரு தடவை தவறினேன். பழைய கார் சீட் ஒன்றைப் பொருத்தினேன். சட்டம் இம்மி அசையவில்லை, சீட்டின் நுரை அமுங்கியது! அப்புறம் ஃபைபர் பக்கெட் சீட். சீட்டை முன்பின் நகர்த்தும் ஸ்லைடர் போடவில்லை, அதிலும் லேசான ஆட்டம் வரும். அக்கா மகன் வந்தால் நான்கு போல்ட்டைத் தளர்த்திப் பெடல் தட்டைத்தான் சீட் பக்கமாக நகர்த்துகிறேன். போல்ட்டைப் பிடிக்கும் டி-நட் ஸ்லாட்டில் வழுக்கி வரும், இரண்டு நிமிட வேலை.

முதல் இரவே பிரேக்கை 55 கிலோவுக்கு ஏற்றினேன். பத்து சுற்றில் எட்டு முறை அதே இடத்தில் மிதித்து, அதே வளைவைத் தொட்டேன்.

இனி மானிட்டர் ஸ்டேண்ட். ரிக்கில் மாட்டினால் வீலின் அதிர்வில் திரை நடுங்குகிறது. தனியாக நிற்க 40x40 சட்டம் ஆறு துண்டு போதும். சனிக்கிழமை அந்த அண்ணனிடம் போகிறேன்.