காதும் இடியும்

இடி இடித்தால் எங்கள் வீட்டில் முதலில் பிடுங்கப்படுவது என் மோடத்தின் பிளக்தான். அப்பத்தா போட்ட சட்டம். காரைக்குடியை அடுத்த எங்கள் ஊரில் ஐப்பசி பிறந்துவிட்டால் பாதி நாள் சாயங்கால வேலை அவ்வளவுதான். வேலை என்னவென்றால், மின்னலை எண்ணுவது. அதுவும் வடதுருவத்து மின்னலை.

கண்ணால் எண்ணுவதில்லை. மின்னல் வெட்டும்போது வீட்டுப் பழைய ரேடியோ கரகரக்கும் இல்லையா, அந்தச் சங்கதிதான். மின்னலிலிருந்து கிளம்பும் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் தரைக்கும், வானத்தில் உயரே மின்னேறிய காற்றடுக்கான அயனி மண்டலத்துக்கும் நடுவே மோதி மோதி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். அந்த அலைகளைப் பிடிக்கும் நிலையங்களில் குறைந்தது ஐந்து கேட்டால், யாருக்கு முன்னே, யாருக்குப் பின்னே வந்தது என்பதை வைத்து இடத்தைப் பிடித்துவிடலாம். ஒரு மைக்ரோ விநாடியில் அலை 300 மீட்டர் போய்விடும், ஆகவே கடிகாரம் பிசகக் கூடாது. பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்களுக்குத் துருவம் தெரியாது. அங்கே இந்தக் காதுதான் கதி.

இந்த வேலையில் சேர்ந்த புதிதில் 80 பாகை அட்சரேகைக்கு வடக்கே விழுந்த புள்ளிகளையெல்லாம் பிழை என்று கழிக்கும்படி நிரல் எழுதிவைத்தேன். பனிக்கடல் மேல் மின்னலா என்ற தெனாவட்டு. மூத்தவர் ஒருவர், "2019 ஆகஸ்டில் துருவத்துக்கு 500 கிலோமீட்டருக்குள்ளேயே வெட்டியிருக்கு, தெரியுமா தம்பி?" என்றார். 2021-இல் வைசாலா என்ற பின்லாந்து வானிலைக் கருவி நிறுவனம் 80 பாகைக்கு வடக்கே மட்டும் 7,278 எண்ணியது. கழித்ததையெல்லாம் உட்கார்ந்து திரும்பச் சேர்த்தேன். இப்போது இடத்தைப் பார்த்துக் கழிப்பதில்லை, எத்தனை நிலையம் கேட்டது என்றுதான் பார்க்கிறேன்.

வடக்கே எண்ணிக்கை கூடுகிறது என்கிறார்கள். ஆனால் கூடியது மின்னலா, காதா? நிலையங்கள் பெருகினால் எண்ணிக்கையும் தானே பெருகும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: எண்ணிக்கையை விட்டுவிட்டு, உலக மின்னலில் வடக்கின் பங்கைப் பார்த்தார்கள். 65 பாகைக்கு மேலே கோடையில் அது 2010-இல் 0.2 சதவீதம், 2020-இல் 0.6. எனக்கு இது கெட்டிக்கார வழியாகத்தான் படுகிறது. ஆனாலும் புது நிலையங்கள் எந்தப் பக்கம் முளைத்தன என்ற கேள்வி உறுத்தாமல் இல்லை.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. "ஐயா காலத்துல இம்புட்டு மழை ஏதுப்பா?" என்றார் அப்பத்தா. வளவு முற்றத்துக்கு மேலே தகரம் போட்டு மூன்று வருடம் ஆகிறது. நான் நிமிர்ந்து தகரத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "சரி சரி, பிளக்கப் பிடுங்கு" என்றார்.