அம்மாவின் விவாக நிலை

கனடாவில் இருக்கும் தம்பிக்குக் குழந்தை பிறந்ததும் அம்மாவுக்கு விசிட் விசா போட்டோம். மட்டக்களப்பு கல்லடி வீட்டில் இருந்து படிவம் நிரப்பியது நான்தான். பெயர், பிறந்த திகதி, பாஸ்போர்ட் இலக்கம் எல்லாம் கால் மணித்தியாலத்தில் முடிந்தன. விவாக நிலையில்தான் மூன்று நாள் நின்றோம்.

அப்பாவை 1990 செப்டெம்பரில் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

படிவத்தில் ‘செப்பரேட்டட்’ என்று ஒன்று இருந்தது. பிரிந்தவர். அம்மாவும் அப்பாவும் பிரிந்துதானே போனார்கள், இதுதான் சரி என்று எண்ணினேன். ஆங்கிலம் படிப்பிக்கும் பெரியம்மாவின் மகளைப் போனில் கேட்டால், "அதைப் போடாத" என்றார் அக்கா. யுத்தம் பிரித்த குடும்பம் என்று சொல்லும்போதும் அதே சொல் வரும்தான். ஆனால் விவாக நிலையாக அது தனியே நின்றால், ஒத்துவராமல் விலகி இருக்கிறார்கள், இன்னும் விவாகரத்து எடுக்கவில்லை என்றுதான் வாசிப்பார்களாம். விண்ணப்ப வழிகாட்டியில் உள்ள விளக்கம், திருமணமானவர் ஆனால் துணையோடு இப்போது வாழாதவர் என்பது. எழுத்துப்படி பார்த்தால் அம்மாவுக்கும் பொருந்தும். ஆனாலும் அப்பா அம்மாவை விட்டுப் போனார் என்று ஒருவர் நினைக்க நான் எழுதிக் கொடுப்பதா?

‘சிங்கிள்’ ஆகாது. பேச்சில் விவாகரத்தானவர்களும் தங்களை அப்படிச் சொல்வார்கள். இந்தப் படிவத்தில் அது ஒருபோதும் திருமணம் செய்யாதவருக்கு மட்டும்.

மிச்சம் இருந்தது ‘விடோட்’. துணை இறந்தவர். அதை வாசித்துக் காட்டியதும் அம்மாவின் கை கழுத்துக் கொடிக்குப் போனது. "அவர் செத்த எண்டு ஆர் புள்ள கண்ட?" என்றா.

காணாமற்போனவர்களின் இறப்பைப் பதிய இலங்கையில் வந்த 2010 ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்புச் சான்றிதழ் எடுக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். அம்மா கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. 2016 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் காணாமற்போனார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் கொண்டுவந்த பிறகுதான் அதை எடுத்தோம். அந்தக் கடதாசிதான் இப்போது கைகொடுத்தது. ‘மரீட்’, திருமணமானவர், என்று தெரிவு செய்தேன். சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பையும், அப்பா எப்போதிருந்து இல்லை என்று நாலு வரிக் கடிதமும் இணைத்தேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, பொருந்தாத சொல்லுக்குள் உங்களை அடைக்காதீர்கள். விளக்கக் கடிதம் வையுங்கள்.

அப்புறம் குடும்ப விபரப் படிவம். அதில் கணவரின் பெயருக்குப் பக்கத்தில் தற்போதைய முகவரி கேட்டிருந்தார்கள். இறந்தவர் என்றால் ஊரும் திகதியும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. "காணாமற்போனவர், 1990 செப்டெம்பர் முதல்" என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டுத் தமிழில் சொன்னேன்.

"அதுக்குக் கீழ நம்மட வீட்டு நம்பரையும் போடு" என்றா. போட்டேன்.