துருத் தடுப்புப் பூச்சுகள்: கீறிப் பார்த்ததில் தெரிந்தது

வண்டிக்கு அடியில் எதை அடிப்பது என்று முடிவெடுக்கும் முன், ஒரே இரும்புத் தகட்டில் வெட்டிய துண்டுகளில் நான்கு பூச்சுகளைப் பூசிப் பார்த்தேன்: ரப்பர் அண்டர்கோட்டிங், துத்தநாகப் பிரைமர், மெழுகு ஸ்பிரே, லானோலின். உப்புத்தாளால் தேய்த்து, தின்னர் போட்டுத் துடைத்துப் பூசிய பிறகு, ஒவ்வொன்றையும் இரும்பு தெரியும்வரை கத்தி முனையால் கீறினேன். புதுப் பூச்சு எல்லாமே தண்ணீரைத் தடுக்கும். கல் பட்டுத் தெறித்த இடத்தில் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

ஆய்வகங்களில் 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி செல்சியஸில் விடாமல் தெளிப்பார்கள். நான் லிட்டருக்கு 50 கிராம் உப்பு கரைத்து, காலையும் மாலையும் தெளித்து, நடுவில் காயவிட்டேன். சாலையில் ஓடும் வண்டியும் அப்படித்தானே நனைந்து காய்கிறது.

ரப்பர் பூச்சு மேலே பார்க்கப் பளிச்சென்று இருந்தது. கீறலின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் ஈரமும் பழுப்புத் துருவும் விரலகலத்துக்குப் பரவியிருந்தன. உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. கல்லடியைத் தாங்குவதில் இதை மிஞ்ச ஆளில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பழைய துருவின் மேல் நேரடியாக இதை அடிக்கவே கூடாது.

துத்தநாகப் பிரைமரில் கீறல் நெடுக வெள்ளைப் பொடி பூத்திருந்தது. துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றுகிறது. அதற்கு அது வெற்று இரும்பைத் தொட்டாக வேண்டும். பழைய பெயின்ட்மேல் அடித்தால் அந்தப் பலன் கிடைக்காது.

லானோலின் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. முழுசாகக் காய்வதே இல்லை, மெல்லிய கீறலைத் தானே மூடிக்கொண்டது. தூசி அப்பும், நாளடைவில் கழுவப்பட்டுப் போகும், திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். இருந்தும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மெழுகு கிட்டத்தட்ட இதே குணம், கொஞ்சம் கெட்டி.

சரி, வண்டிக்கு வருவோம். துருவை வெற்று இரும்பு தெரியும்வரை சுரண்டிய இடங்களில் துத்தநாகப் பிரைமர், வீல் ஆர்ச்சில் (சக்கரத்தின் மேலுள்ள வளைவில்) அதற்கு மேல் ரப்பர், மற்ற அடிப்பாகத்துக்கு லானோலின். பிரேக் டிஸ்க்கையும் சைலன்சரையும் பாலித்தீன் சுற்றி மறைத்துவிட்டேன். அப்புறம் கதவுக்குள்ளும், கதவுக்குக் கீழே ஓடும் படியின் உள்ளேயும் நீளக் குழாய் நாசிலால் மெழுகு. அதற்கு முன் அவற்றின் அடியிலுள்ள வடிதுளைகளைக் கம்பி விட்டுக் குத்தி, அடைத்திருந்த மண்ணை எடுக்கிறேன். இடப்பக்கம் முடிந்தது, வலப்பக்கம் பாக்கி.