காவேரிப்பட்டணம் கல்யாண ஆர்டர்ல கெடச்ச மனுஷன்

தர்மபுரியில வெட்டிங் பிளானிங் பண்றேன், மண்டபம் மேடை சமையல் நாதஸ்வரம் போட்டோன்னு எல்லாத்தையும் ஒரே கையில எடுத்துச் செய்யற வேலை. இதுல கிளையண்ட்னா பொண்ணு மாப்ள இல்லீங்க, பணம் குடுத்து முடிவெடுக்கற ஆளு, பெரும்பாலும் அப்பாவோ தாய்மாமனோ இருப்பாங்க. காவேரிப்பட்டணம் ஆர்டர்ல அது பொண்ணோட அண்ணன். அப்பா இல்லாத வீடு, ஓசூர்ல கம்பெனி வேலை, தங்கச்சி கல்யாணத்த ஒத்த ஆளா எடுத்துச் செய்யறாரு. மாப்ள வீடு பாலக்கோடு. 2004ல தர்மபுரியில இருந்து கிருஷ்ணகிரிய தனி மாவட்டமா பிரிச்சதுல காவேரிப்பட்டணம் அந்தப் பக்கம், பாலக்கோடு இந்தப் பக்கம்னு ஆச்சே தவிர, எங்க பக்கம் பொண்ணு குடுக்கறதும் எடுக்கறதும் இன்னைக்கும் அப்படியேதான் நடக்குது.

வைகாசி முகூர்த்தம்னா பூ வெலை எகிறிடும், அதனால விடியறதுக்கு முன்னாடியே ராயக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குக் கெளம்பிட்டேன், அவரும் நான் வர்றேன் மேடம்னு வந்துட்டாரு. சாமந்தி மூட்டைய மேலாப்புல பாத்து வாங்கக்கூடாது, அடி வரைக்கும் கைய விடணும், உள்ள சூடா இருந்தா பழைய பூ, ஈரமா இருந்தா எடைக்குத் தண்ணி தெளிச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஒரு தடவதான் சொன்னேன், அடுத்த மூட்டையில அவரே கைய விட்டுப் பாத்தாரு, ஆனா வியாபாரிகிட்ட ஒரு வார்த்தை கடுசா பேசல, இது வேணாங்கண்ணா வேற காட்டுங்கன்னாரு, அவ்ளோதான். பூ வாங்கற எடத்துல மனுஷங்க எப்படிக் கத்துவாங்கன்னு தெனம் பாக்கறவ நான், அதனாலயே மனசுல நின்னுடுச்சு.

ஆனா எனக்கு அவர் மேல உண்மையிலேயே ஆச வந்தது அந்தத் தாரை வார்க்கற விஷயத்துலதான். அப்பா இல்லைன்னா பெரியப்பா பெரியம்மா உக்காந்து தாரை வார்த்துக் குடுப்பாங்க, பெத்த அம்மா எங்கயாவது தூண் ஓரமா நிப்பாங்க, எத்தனையோ மண்டபத்துல பாத்து வயிறு எரிஞ்சிருக்கேன். இவரு ஆரம்பத்துலயே எங்கிட்ட, எங்கம்மா கையாலதான் நடக்கணும், அதுக்கு யார்கிட்ட என்ன பேசணும் சொல்லுங்கன்னு கேட்டாரு. ஐயர்கிட்ட நான் முன்கூட்டியே பேசி வெச்சேன். பெரியப்பாகிட்ட அவரே போயி, நீங்களும் பெரியம்மாவும் பக்கத்துல நில்லுங்க, தண்ணி மட்டும் அம்மா ஊத்தட்டும்னு தரையில உக்காந்து கேட்டாரு. மொதல்ல சத்தம் போட்டவங்கதான், முகூர்த்தத்துல அவங்களே கைய நீட்டி அம்மாவ மேடைக்குக் கூப்புட்டாங்க. அரக்குக் கலர் பார்டர் போட்ட சேலை, செம்ப புடிச்ச கை நடுங்குது, இவரு கீழ இருந்து ஒரு விரல்ல செம்போட அடிய தாங்கிப் புடிச்சிருந்தாரு. போட்டோவுல அந்த விரல் தெரியாது, நான் பக்கத்துல நின்னதால பாத்தேன்.

அப்பக்கூட நான் எதும் சொல்லல. பொம்பள தனியா தொழில் பண்ணா ஊரு என்ன பேசும்னு எல்லாருக்கும் தெரியும், அதுவும் பணம் பாக்கி இருக்கறப்ப ஒரு பேச்சு கெளம்புச்சுன்னா அடுத்த ஆர்டரே வராது. சமையல் மாஸ்டர், பந்தி பசங்க, ஜெனரேட்டர்காரர் எல்லாருக்கும் செட்டில் பண்ணி, பில்ல கையில குடுத்து முடிச்சப்புறம் அவருதான் ஃபோன் பண்ணி, இனிமே நீங்க எனக்கு வேலை செய்யல இல்லீங்களா, ஒரு விஷயம் கேக்கலாமான்னாரு. கிருஷ்ணகிரி கேஆர்பி டேம்ல மீன் வறுவல் கடை பெஞ்சுல வெச்சுக் கேட்டாரு, நானும் சரின்னுட்டேன், யோசிச்சுச் சொல்றேன்னு எல்லாம் இழுக்கல.

இப்ப ரெண்டு வீட்டுலயும் பேசியாச்சு, அவங்கம்மா என்னைய கண்ணுன்னுதான் கூப்புடறாங்க. தை மாசத்துக்கு நாள் பாத்துட்டு இருக்காங்க. பூ வாங்க ராயக்கோட்டைக்கு நானேதான் போவேன்னு சொல்லிட்டேன், கல்யாணப் பொண்ணு விடியக்காலம் மார்க்கெட்டுல நிக்கறதான்னு எங்கம்மா இன்னும் ஒத்துக்கல.